பக்காவ் காட்டிலிருந்து பதில்

சூலியா தெருச் சாப்பாட்டுக் கடைகளுக்கு விறகு வெட்ட, சூசை அன்று தனியாகத்தான் ஜுரு கடலோரச் சேற்றில் வளரும் பக்காவ் மரக்காட்டுக்குள் போயிருந்தான். மழையில் வழி தெரியாமல் போனால் கரையில் நிற்பவர் தகரத்தைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் கோடாலியால் மரத்தில் தட்டிப் பதில் சொல்வார்.

மழை பிடித்துக்கொண்டது. கடல் தண்ணீர் ஏறியது. அவன் மனைவி ஆரோக்கியம் விடாமல் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ‘டொக்’கென்று பதில் வந்தது.

இடுப்பளவு சேற்றோடு சூசை கரையேறினான்.

“மாதாவே!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “நீங்க தட்டுனதக் கேட்டப்புறந்தான் எனக்குப் போன உசிரு வந்துச்சு.”

“நான் எங்க தட்டுனேன்? கோடாலி மத்தியானமே ஆத்துல விழுந்துருச்சு லா. உன் தகரச் சத்தத்த வெச்சுத்தான் வந்தேன்.”

காட்டுக்குள் மறுபடியும் ‘டொக்’கென்று கேட்டது.

சூசை தகரத்தைக் கையில் வாங்கினான். “பாவம், வேற யாரோ உள்ள மாட்டிக்கிட்டான் போல. அவனும் வந்து சேரட்டும்” என்று தட்டத் தொடங்கினான்.