பழைய கொக்கி

"ஏங்க, யாரோ நம்ம கதவை உடைக்கறாங்க. போய்ப் பாருங்களேன்!"

கையில் பசை டேப்போடு எழுந்து போய்க் கதவைத் திறந்தான் கணவன். வாசலில் மழைக்கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடை திறக்க இன்னும் நேரம் இருக்கே சார்."

"தெரியும் தம்பி. கடை திறக்கற நேரத்துக்கு என் வீட்டுக்காரி முழிச்சுக்குவா. இப்ப தூங்கறா. அதான் ஓடி வந்தேன்."

உள்ளே வந்த தொப்பிக்காரர், கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். "இது இங்க வாங்கினதுதானே? இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் மாத்தித் தரணும்மா."

அவளுக்குப் பகீரென்றது. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரு சங்கிலிகூடத் திரும்பி வந்ததில்லை. அதுவும் இன்றைக்கா? ஒரு பெரிய கடையிலிருந்து முதல் தடவையாக மொத்த ஆர்டர் வந்திருந்தது. மேஜை, நாற்காலி, தரை எங்கும் பெட்டிகள். மத்தியானம் வண்டி வந்துவிடும்.

பள்ளிக்கூட நாளில், ஓடாத மோட்டாரைப் பிரித்துச் செப்புக் கம்பியை எடுத்து மோதிரம் செய்தவள் அவள். ஆபீஸில் காகிதம் குத்தும் ஊக்கை வளைத்துத் தோடு செய்து, மேலாளர் அம்மாவின் காதிலேயே மாட்டிவிட்டவள். போன வருடம் துணிந்து வேலையை விட்டாள். வீட்டின் முன்னறை கடையானது, சோபா படுக்கையறைக்குப் போனது, டி.வி. எங்கே போனதென்று கணவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே சங்கிலியில் கொக்கிக்குப் பதிலாக அவள் வைத்த காந்தம்தான். முன்பெல்லாம் புதிதாக ஒரு சங்கிலி செய்தால், கண்ணாடி முன்னால் நின்று, "ஏங்க, கொஞ்சம் வந்து மாட்டி விடுங்களேன்" என்பாள். அவன் முனகிக்கொண்டே வருவான். பள்ளி பஸ் ஓட்டுகிறவன். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் கனம்.

"பஸ்ஸைச் சந்துல ரிவர்ஸ் எடுத்துடலாம். உன் கொக்கியை மாட்டறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்!"

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், ஒரு நாள் கொக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் குட்டிக் காந்தம் வைத்தாள். கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனால் போதும், 'டிக்'கென்று ஒட்டிக்கொள்ளும். யார் தயவும் வேண்டாம். பெண்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

"என்ன ஆச்சு சார்? கழண்டு விழுந்துடுச்சா?"

"எங்க விழுது? ஆட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். கெட்டியா ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார் தொப்பிக்காரர் சலிப்போடு.

"கழுத்துல அரிப்பு ஏதாவது..."

"அவளுக்கா? காய் வாங்கப் போனாகூட அதைப் போட்டுக்கிட்டுதான் போறா."

அவளுக்குத் திடீரென்று பயம் வந்தது. "நெஞ்சுல பேஸ்மேக்கர் மாதிரி எதுவும் வச்சிருக்காங்களா சார்? அதுக்குக் காந்தம் ஆகாதே!"

"அவ நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லம்மா. மாடிப்படி ஏறும்போது நான்தான் நடுவுல உட்கார்ந்துடுவேன். அவ மேலேர்ந்து திட்டுவா."

"பின்ன என்ன சார் குறை?"

"காந்தம் வேண்டாம். பழைய மாதிரி கொக்கி போட்டுக் குடுங்க. சின்னதா, நகத்துக்குச் சிக்காத மாதிரி."

"அது ரொம்பச் சிரமமாச்சே! பெரிய கொக்கியா போட்டுத் தரேன்."

"ஐயையோ, பெரிசு வேண்டாம்! சின்னதுதான்!"

கொக்கியும் குறடும் எடுக்க உள்ளறைக்குப் போகிற வழியில் கணவனின் காதில் கிசுகிசுத்தாள். "மனுஷன் எதையோ மறைக்கறார். காந்தத்துல ஏதோ கோளாறு இருக்கு. மொத்த ஆர்டரும் போச்சுன்னா என் கதி அவ்வளவுதான். பெட்டியை ஒட்டாதீங்க!"

இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தபோது முன்னறையில் கணவனின் குரல் கேட்டது. "என்கிட்டயாவது சொல்லுங்க சார். வேலையை விட்டுட்டு ஆரம்பிச்ச கடை. அவ பயந்து போயிருக்கா."

தொப்பிக்காரர் ஏதோ முணுமுணுத்தார். அவள் காதைத் தீட்டினாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கணவன் பெரிதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அவள் வந்து காந்தத்தைப் பிடுங்கிவிட்டு, இருப்பதிலேயே சின்னக் கொக்கியைக் கோத்துக் கொடுத்தாள். தொப்பிக்காரர் நகத்தால் திறக்கப் பார்த்தார். நழுவியது. மறுபடி பார்த்தார். மறுபடியும் நழுவியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதான்! இதேதாம்மா!"

"வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?"

"நான் தெரியாம மிதிச்சுட்டேன்னு சொல்லிக்கறேன். உங்க கடைப் பேரைக் கெடுக்க மாட்டேன்." பெட்டியைக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, மழையில் வாலிபன்போல ஓடினார்.

கதவைச் சாத்தியதும் அவள் கணவனின் சட்டையைப் பிடித்தாள். "என்ன சொன்னார்? காந்தத்துல என்ன கோளாறு?"

அவன் டேப்பைச் சர்ரென்று இழுத்து முதல் பெட்டியை ஒட்டினான். "ஒரு கோளாறும் இல்ல. வண்டி வரட்டும். எல்லாத்தையும் அனுப்பு."

"அப்புறம் எதுக்கு அவரு..."

அவன் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் கழுத்தில் கிடந்த சங்கிலியைத் தொட்டான்.

"முதல்ல இதைக் கழட்டி இதுக்கும் சின்னக் கொக்கியாப் போடு. காந்தம் வந்ததுலேர்ந்து நீயும் கண்ணாடி முன்னாடி நின்னு என்னைக் கூப்பிடறதே இல்ல."