இரண்டு விரற்கடை

வண்டி முடிந்துவிட்டது. கம்பிவடம் மட்டும்தான் பாக்கி.

சேற்றிலும் ஆற்றிலும் மாட்டிக்கொண்ட லாரிகளை இழுத்துக் கரையேற்றும் ராணுவ மீட்பு வண்டி அது. ஒரு காலத்தில் அவர் ஓட்டியது. இப்போது முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிச் சாப்பாட்டு மேஜைமேல் நிற்கிறது.

கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூடக் கிடையாது. உடம்பு ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டியது. புகைக்குழாய் பேனா ரீஃபில்.

"என் தோட்டுத் திருகை வீடு பூரா தேடுறேன். அது உங்க வண்டிக்கு விளக்கா நிக்குது!" என்று மனைவி போட்ட சத்தம் அடுத்த தெருவரை கேட்டிருக்கும்.

அளவு கச்சிதமாக இருந்ததே, என்ன செய்வது! அந்த விஷயத்தில் மனுஷன் அப்படித்தான். மயிரிழை கூடினாலும் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வடத்தை மட்டும் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார். கை நடுங்குகிறது என்று சாக்குச் சொன்னார். உண்மையில் அதை அளந்து வெட்ட அவருக்குப் பயம்.

இன்று மதியம் ஒருவழியாக வெட்டினார். உருளையில் சுற்றி நுனியில் கொக்கி வைத்தார்.

திரைச்சீலை வழியாக வந்த வெயில் மேஜையில் மெல்ல அலைந்தது. திருகுகள் உருண்டோடாமலிருக்க விரித்த பழைய நீலப் போர்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரானது. எங்கோ ஒரு இன்ஜின் உறுமியது. அவருக்குக் கண் சொருகியது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு தீப்பெட்டி.

"எங்க அண்ணன் லாரி எவ்வளவு தூரத்துல நின்னுச்சு? வைங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. அன்று ஆற்றில் வடம் எட்டாமல் அண்ணனை லாரியோடு வெள்ளம் கொண்டுபோனது மட்டும் அவளுக்குத் தெரியும். எவ்வளவு எட்டவில்லை என்று அவரும் சொன்னதில்லை.

எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அவளுக்கா தெரியப்போகிறது? ஆனாலும் அவர் ஸ்கேலை எடுத்தார். அளந்து, போர்வையின் நடுவே தீப்பெட்டியை வைத்தார்.

கொக்கியைப் பிடித்து இழுத்தார். உருளை சுற்றிச் சுற்றி வடம் தீர்ந்துபோனது. கொக்கி தீப்பெட்டிக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றது.

"இவ்வளவுதானா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார்.

அவள் அழவில்லை. கொக்கிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே போர்வையை இரண்டு விரலால் கிள்ளி மடித்தாள். சத்தமே இல்லாமல் ஆறு மடங்கியது. லாரி தானாக நகர்ந்து கொக்கியிடம் வந்தது.

"ம், மாட்டுங்க."

அவர் மாட்டினார். பிறகு, ரொம்ப நிதானமாக, உருளையைச் சுற்ற ஆரம்பித்தார்.