படமும் எண்ணும்

காணாமல்போனவர்களுக்கான அந்த இணையதளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது தமிழ் எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிட்டன. பழைய தரவை, தளத்தைப் பராமரிக்கும் குகதாசன் முன்னரே தனியாக எடுத்துவைத்திருந்தான். சரியாக இருக்கிறதா என்று எக்செலில் திறந்து பார்த்தான். மூடும்போது சேமிக்கவா என்று அது கேட்க, யோசிக்காமல் ஆம் என்றான். அத்தோடு அந்தப் பிரதியிலும் கேள்விக்குறிகளே மிஞ்சின. படங்களும் எண்களும் மட்டும் பிழைத்திருந்தன. முதல் படத்தில், யாருடைய கல்யாண வீட்டிலோ, கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். குகதாசன் கீழிருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தான். வயதான பெண்குரல். "அம்மா, காணாமல்போன ஆக்களின்ர இணையதளத்தில இருந்து கதைக்கிறன். உங்கட பிள்ளையின்ர..." முடிப்பதற்குள், "ஏதும் தகவல் வந்திட்டுதோ?" என்றாள். அவள் எழுந்ததில் கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "இல்லையம்மா. எங்கட பிழையால பேர் அழிஞ்சுபோச்சு. ஒருக்காச் சொன்னீங்களெண்டால் திரும்பப் பதியலாம்." "அவன்ர பேரை எல்லா அரசாங்கக் கந்தோரிலயும் எழுதிக் குடுத்தனான்" என்றாள். பிறகு, தணிந்த குரலில் கேட்டாள்: "உங்களிட்டையும் இல்லையோ, தம்பி?"