ஏழு மணிப் பட்டியல்

அதுதான் சொன்னேனே, அவர்கள் என்னை ஒதுக்கவில்லை. அந்தக் குழு என்னைப் போன்றவனுக்கானது இல்லை, அவ்வளவுதான்!

ஒஸ்லோவில் எங்கள் தொழிற்கல்லூரியில் கறுப்பின ஆண் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமல் இருக்க ஒரு குழு வைத்திருக்கிறார்கள். செவ்வாய் பின்னேரங்களில் இரண்டாம் மாடியில் கூடுவார்கள். எரித்திரியா, சோமாலியா, காம்பியா, எல்லாமாகப் பன்னிரண்டு பேர்.

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து யோசேப்புக்காகக் காத்திருப்பேன். அவன் எரித்திரியன், மின்சாரப் பிரிவு. நான் கட்டடப் பிரிவு. இருவருக்கும் வீடு குரோருட்டில். என்னிடமிருந்து அவன் பொறுக்கிய ஒரே தமிழ்ச் சொல் 'மச்சான்'.

உள்ளே சாப்பாடு மணக்கும். அதை விடுங்கள். என் கண் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல் மேல்தான்.

காலை ஏழு மணிக்கு யார் யாருக்குப் போன் அடிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. யோசேப்பு அதே குழுவிலுள்ள லிபானுக்கு அடிப்பான். லிபான் எடுக்காவிட்டால் நேரே போய்க் கதவைத் தட்டுவான். பனி கொட்டினாலும் தட்டுவான்.

போன மாதம் லிபான் இனிப் படிப்பே வேண்டாம் என்று போர்வைக்குள் கிடந்தானாம். மூன்று பேர் போய்க் காலில் சப்பாத்தை மாட்டி இழுத்து வந்தார்கள்!

ஒருவனைத் தேடி மூன்று பேர். நினைத்துப் பாருங்கள்.

இன்று கேட்டே விட்டேன். பகிடி மாதிரித்தான்.

"என்ரை பேரையும் அதிலை போடன்."

யோசேப்பு விழுந்து விழுந்து சிரித்தான். எங்களுக்குள் பேச்சு நோர்வேஜிய மொழியில்தான். அவன் சொன்னது இது:

"உனக்கேன் மச்சான்? உங்கடை ஆக்களை எழுப்ப அம்மாமாரே போதும். நீங்கள் எல்லாரும் இஞ்சினியர்தானே!"

நானும் சிரித்தேன். அம்மாவும் கோவிலில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறார்.

எல்லோரும் வெளிக்கிடும்போது அவன் தொப்பியை உள்ளே மறந்துவிட்டான். கதவு பூட்டிக்கொண்டது. கதவைத் திறக்கும் அவனுடைய அட்டையும் உள்ளே. என் பையில் தொங்கிய மாணவர் அட்டையை இழுத்துக் கதவில் வைத்தான்.

சிவப்பு விளக்கு.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி சிவப்பு.

நான் நிலத்தைப் பார்த்தேன். படிப்பை விட்டு விலகுகிறேன் என்று ஒக்டோபரில் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அது வேலை செய்வதில்லை. எதுவும் தெரியாத அம்மா தினமும் கட்டித் தரும் சோற்றை அந்த வாங்கில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

யோசேப்பு அட்டையைத் திரும்ப என் பையில் கொழுவிவிட்டான். ரயிலை விட்டுக் குரோருட்டில் இறங்கும்போது கேட்டான்.

"உங்கடை வீடு எத்தினையாம் மாடி?"

மூன்று என்றேன்.

நாளை காலை ஏழு மணிக்கு அவன் அடிப்பான், எனக்குத் தெரியும். எடுக்காவிட்டால் வந்து தட்டுவான். கதவைத் திறக்கப் போவது அம்மா.

எடுக்காமலே விட்டுவிடட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?