ஆத்தாளின் சிவந்த நெற்றி

புது ஆயில் பம்ப்பை மாட்டி முடித்த மெக்கானிக் செய்யது அபுதாஹிர் பாய், கையைத் துடைத்துக்கொண்டே வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"செல்ஃப் அடிலே ஊர்க்காவலா. பழைய சத்தம் நிக்கலைன்னா இன்ஜினையே மறந்துரு."

ஊர்க்காவலன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அது ரெண்டாயிரத்து நாலு, தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போகிற வேன் அது. இன்ஜின் படுத்துவிட்டால் கம்பெனிக்காரன் மறுநாளே வேறு வேன் பிடித்துக்கொள்வான். இவனுக்கோ இந்த ஒரு வண்டிதான் பிழைப்பு.

கழற்றிய பழைய பம்ப் சாக்கின் மேல் கிடந்தது. உள்ளே பல்சக்கரம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்தே பாய்க்குக் கோபம்.

"ஆயில் மேல ஏறலைன்னா முன்னாடி செவப்பு லைட்டு எரியுமேலே. கண்ண மூடிக்கிட்டா ஓட்டுன?"

"எங்கம்மா சத்தியமா ஒரு லைட்டும் எரியல பாய்."

பொய் சொல்கிற ஆளில்லை அவன். வண்டியில் ஏறினால் முதலில் பார்ப்பதே அங்கேதான். மீட்டர் ஓரத்தில் மாரியாத்தா ஸ்டிக்கர் இருக்கிறது. சிவகாசியில் அச்சடித்தது, முதல் ஆளாக ஏறுகிற இருளம்மாள் ஆடி மாதம் கொண்டுவந்து ஒட்டினாள். ஒட்டிய கொஞ்ச நாளிலேயே ஆத்தாளின் நெற்றி சிவக்க ஆரம்பித்துவிட்டது. வேன் ஓடும்போது சும்மா இருப்பாள். பெண்களை ஏற்ற நிறுத்தினால் போதும், தணல் மாதிரி ஜொலிப்பாள்! வெடிமருந்தில் கை வைத்துப் பிழைக்கிற பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார்கள்.

இப்போதும் சாவியைத் திருப்பியதும் ஆத்தா சிவந்தாள்.

"தாயே, கைவிட்டுராத" என்று செல்ஃப் அடித்தான்.

இன்ஜின் உறுமியது. உள்ளே கடகடவென்று பழைய சத்தம். பாய் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். ஊர்க்காவலன் பாயின் முகத்தையே பார்த்தான்.

கடகடப்பு குறைந்தது. இன்னும் குறைந்தது. அப்புறம் காணவே காணோம்.

"பொழச்சுக்கிட்டலே!" என்றார் பாய்.

அப்பாடா! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடத் திரும்பினான். ஆத்தாளின் நெற்றி இருண்டு கிடந்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, சிவப்பைக் காணோம்.

"பாய், ஆத்தா போயிட்டாளே!" என்று அலறினான்.

பாய் எட்டிப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் பதமாகக் கிளப்பினார். அடியில் அணைந்துபோன ஒரு குட்டி விளக்கு. அதன் மேல் ஆயில் கேன் படம்.

பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவ தெனமும் சொல்லிக்கிட்டுத்தாம்லே இருந்திருக்கா. நீ கும்பிட்டுட்டு கும்பிட்டுட்டுப் போயிருக்க."

ஊர்க்காவலன் அசடு வழிந்தான். பிறகு அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து, ஸ்டிக்கரை விளக்கை விட்டு ஒரு விரற்கடை தள்ளி அழுத்தி ஒட்டினான்.

நாளைக் காலை இருளம்மாள் கேட்காமல் விடமாட்டாள். அதற்கும் பதில் அப்போதே தயாராகிவிட்டது.

"ஆத்தா இப்பத்தான் மதினி நிம்மதியா கண்ணசந்திருக்கா. எழுப்பாம ஏறுங்க."