ஓடுபாதை சுத்தம்

“ஜீப்புக் கதவு பூரா துரு. தொட்டா கையில ஒட்டுது. இதைத் துடைக்கக்கூட இங்க ஒருத்தருக்கும் துப்பில்ல” என்று கட்டைவிரலைக் கைக்குட்டையில் தேய்த்துக்கொண்டே இறங்கினார் விமான நிலைய மேனேஜர். கறை போவதாக இல்லை.

பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. அதற்குள் அவர் மட்டும் தனியாக ஓடுபாதையை ஒரு சுற்று போய்விட்டு வந்திருந்தார். வெயில் ஏறுவதற்கு முன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதருக்கு இன்றைக்கு எங்கிருந்து இத்தனை அக்கறை வந்தது என்று துப்புரவு ஆட்களுக்கு ஒரே ஆச்சரியம்.

அவர்களுடைய சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றாள். மேனேஜருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. குனிந்து கும்பிடு போடத் தெரியாதவள் என்பது ஒரு காரணம். மச்சினன் இன்னொரு காரணம். “ஊருக்கெல்லாம் மேனேஜர், என் தம்பிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்க வக்கில்ல” என்று வீட்டில் மனைவி இடிக்காத நாள் கிடையாது. இவள் நாற்காலி காலியானால் அவன் உட்கார்ந்துகொள்ளலாம். இன்றைக்குக் காலை முதல் விமானத்தில் மனைவி தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு வேறு வருகிறாள், மகராசி.

“எஃப்.ஓ.டி.ன்னா என்ன, சொல்லு பார்ப்போம்” என்றார் மேனேஜர், எல்லார் காதிலும் விழும்படி.

“ஓடுபாதையில கிடக்கக்கூடாத எல்லாமே எஃப்.ஓ.டி.தான் சார். கல்லு, ஆணி, போல்ட்டு, செத்த பறவை.”

“கிடந்தா என்னவாம்?”

“டயரைக் கிழிக்கும். இல்லன்னா இன்ஜின் உறிஞ்சிக்கும். அப்புறம் உள்ள இருக்கறவங்க பாடு அதோகதிதான்.”

“நல்லா ஒப்பிக்கிறே. கோ அரவுண்ட்?”

“இறங்க வர்ற விமானத்தை இறங்கவிடாம, மறுபடி மேல ஏத்தி ஒரு சுத்து சுத்தி வர வைக்கிறது சார்.”

“அந்த ஒரு சுத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவுன்னு உனக்குத் தெரியுமா? உனக்கெங்க தெரியப்போகுது. நம்ம ஓடுபாதையில ஏதாவது கிடந்து ஒரு விமானம் அப்படி திரும்பிப் போச்சுன்னு வை, காரணம் யாரா இருந்தாலும் அன்னிக்கே மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். இது என் உத்தரவு. எல்லாருக்கும் கேட்டுதா?”

எல்லாருக்கும் கேட்டது.

“இன்னிக்கு நீங்க முடிச்சதும் நானே வந்து பார்ப்பேன். ஒரு துரும்பு என் கையில சிக்கினாலும் உனக்கு நாளைக்கு வேலை இல்ல.”

“தாராளமா வந்து பாருங்க சார். சம்பளம் அதுக்குத்தானே” என்றாள் அவள்.

திமிர். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆட்கள் கை எட்டும் தூரத்துக்கு ஒருவராக வரிசை கட்டி, தலையைக் குனிந்தபடி ஓடுபாதையில் நடக்க ஆரம்பித்தார்கள். விமானம் இறங்குவதற்கு முன்னால் தினமும் நடக்கிற நடைதான். மேனேஜர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு தேநீர் குடித்தார். “கண்ணைப் பிடரியில வச்சுக்கிட்டு நடக்குதுங்க. மாடு மேய்க்கப் போகவேண்டியதுங்க” என்று டிரைவரிடம் சொன்னார். தேநீர் அன்றைக்கு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

கடைசியில் சூப்பர்வைசர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையோடு வந்தாள். “ஒரு போல்ட் கிடந்துது சார். வேற ஒண்ணும் இல்ல. ஓடுபாதை சுத்தம்.”

மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. பையைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் வாங்கி ஜீப் சீட்டில் விட்டெறிந்தார்.

“பெரிய புதையலை எடுத்துட்டா. போ, இன்னிக்குத் தப்பிச்சே.”

“நீங்க வந்து பார்க்கறேன்னீங்களே சார்?”

“உன் லட்சணத்தைப் பார்க்கத்தான் நான் பிறந்தேனா? போய் வேலையைப் பாரு.”

வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டு, “டவர், ஓடுபாதை சுத்தம். விமானம் இறங்கலாம்” என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த விமானம் பெரிதாகி, சக்கரங்களை இறக்கியது. மனைவிக்கு என்ன சமாதானம் சொல்வது என்று மேனேஜருக்கு யோசனை ஓடியது. அந்தப் போல்ட் இவளுடைய துப்புரவு வண்டியிலிருந்தே விழுந்தது என்று கதை கட்டிவிட்டால் என்ன? பையை எடுத்துப் பிரித்தார்.

போல்ட் பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. மருந்துக்குக்கூடத் துரு இல்லை.

மேனேஜர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். துருக் கறை இன்னும் அப்படியே இருந்தது.

“கிடந்தது இது ஒண்ணுதானா?” என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஒண்ணுதான் சார்.”

“நல்லாப் பார்த்தியா?”

“நல்லாத்தான் சார் பார்த்தோம்.”

விமானம் வேலிக்கு மேலே வந்துவிட்டது. மேனேஜர் வாக்கிடாக்கியைத் தவறவிட்டு, மண்டிபோட்டு எடுத்து, “டவர், கோ அரவுண்ட். கோ அரவுண்ட். அதை இறக்காதீங்க” என்று அலறினார்.

தரையைத் தொட இருந்த விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு, காது கிழிய இரைந்தபடி தலைக்கு மேலே ஏறிப் போனது. ஆட்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“சுத்தம்னு நீங்கதானே சார் சொன்னீங்க” என்றது டவர்.

“நான்தான் போல்ட்டை எடுத்துக் குடுத்துட்டேனே, அப்புறம் ஏன் சார் திருப்பி அனுப்பினீங்க?” என்றாள் சூப்பர்வைசர்.

மேனேஜர் மண்டிபோட்டபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இது நான் போட்ட போல்ட் இல்லம்மா.”