மூன்றாம் முறை தட்டினால்

"இங்கே உங்களுக்கு இடமில்லை. போங்க, போங்க!" என்று கத்தினாள் அசுந்தா.

வாசலில் ஒரு தாடிக்காரன் மழையில் நின்றிருந்தான். பக்கத்தில், சால்வைக்குள் குழந்தையைப் பொத்திப் பிடித்தபடி ஓர் இளம்பெண்.

"அம்மா, குழந்தை நனைஞ்சுபோச்சு, கொஞ்சம்..."

அவன் முடிப்பதற்குள் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

உள்ளே கூடியிருந்த உறவுக்கூட்டம் கைதட்டியது.

"பிரமாதம் அண்ணி! போன வருஷம் எங்க வீட்டுல நான் விரட்டினப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உங்களுக்கு இதெல்லாம் இயல்பாவே வருது" என்றாள் நாத்தனார் நுன்சியா.

அன்று இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் திருநாள். வேண்டுதல் பலித்த வீட்டில் அவருக்கு விருந்து வைப்பது அந்த சிசிலி மலையூரின் வழக்கம். ஏழைகள் மூவர் சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை இயேசுவாகவும் வந்து கதவைத் தட்டுவார்கள். பெத்லகேமில் அவர்களுக்கு எங்கும் இடம் கிடைக்காததன் நினைவாக, முதல் இரண்டு முறை விரட்ட வேண்டும். மூன்றாம் முறை கதவை அகலத் திறந்து, கால் கழுவி, உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு.

அசுந்தாவின் வேண்டுதல் சின்ன வேண்டுதல் அல்ல. கணவர் கஸ்பாரேயின் இதயத்தை பலேர்மோ டாக்டர்கள் திறந்து மூடியபோது நேர்ந்துகொண்டது. விருந்தில் ஒரு குறை வந்தாலும் கொடுத்ததைச் சூசையப்பர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

அதனால் குறையே வைக்கவில்லை. ரொட்டித்தூள் தூவிய பாஸ்தா, பொரித்த காலிஃபிளவர், தேனில் ஊறிய பணியாரம், சூசையப்பரின் தாடி வடிவத்திலேயே சுட்ட ரொட்டி. மேசைக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்ட வாசகத்தைத் தங்க நூலில் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள்: 'உன் வாசலுக்கு வருபவர் தற்செயலாக வருவதில்லை, ஆண்டவர் அனுப்பியே வருகிறார்.' நுன்சியா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

"அந்த ஆள் கையில சூசையப்பரோட லில்லிப்பூக் கோலைக் காணோமே?" என்று கேட்டார் கஸ்பாரே, ஓர் ஆலிவை நோக்கிக் கையை நகர்த்தியபடி.

அந்தக் கையில் ஒன்று போட்டாள் அசுந்தா. "இந்த மழையில பூ நிக்குமா? சாமிங்க சாப்பிடற வரைக்கும் கையையும் வாயையும் அடக்கிட்டு இருங்க."

"வேஷம்கூட இல்லையே அண்ணி. நம்ம ஊர் முகமாவும் தெரியலை."

"நிஜ ஏழைங்களா பார்த்து அனுப்புங்கன்னு நம்ம பங்குச் சாமியார் லிபோரியோகிட்ட நான்தான் சொன்னேன். உங்க வீட்டுக்கு வந்த சூசையப்பர் புது கார்ல வந்து இறங்கினாரே, அந்த மாதிரி எனக்கு வேண்டாம்."

மறுபடி கதவு தட்டப்பட்டது.

எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் தம்பிக்குக் காட்ட நுன்சியா செல்போனை உயர்த்தினாள். அசுந்தா கதவை ஒரு சாண் திறந்தாள்.

இம்முறை பேசியது அந்தப் பெண். "அக்கா, எங்களை விடுங்க. புள்ளைக்கு உடம்பு கொதிக்குது. புள்ளையை மட்டுமாவது கொஞ்ச நேரம் உள்ள வச்சுக்கங்க."

சால்வைக்குள் இருமல் கேட்டது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அசுந்தாவின் கை ஒரு கணம் தளர்ந்தது.

"அண்ணி, தம்பி பார்த்துட்டிருக்கான்" என்று கிசுகிசுத்தாள் நுன்சியா.

"இது சத்திரம் இல்லை! வேற வீடு பாருங்க!"

மறுபடி படார்.

"வசனத்தையே மாத்திட்டாங்க, ஆனா கல்லும் கரைஞ்சிடும். அந்த இருமலைக் கேட்டீங்களா? சாமியார் நல்லாத்தான் பழக்கியிருக்கார்" என்று மனமில்லாமல் ஒப்புக்கொண்டாள் நுன்சியா.

அசுந்தா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கண்களைத் துடைத்தாள். "அந்தப் புள்ளை வாயில முதல் பணியாரத்தை என் கையால ஊட்டணும்."

இரக்கம் அவளுக்குள் பொங்கி வழிந்தது. ஆனால் இரக்கத்துக்கும் ஒரு முறை இருக்கிறதே! மூன்றாம் தட்டலுக்கு முன்னால் அது வெளியே வரக் கூடாது.

காத்திருந்தார்கள். கால் கழுவ வைத்திருந்த வெந்நீர் ஆறியது. மறுபடி சுட வைத்தார்கள். பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. யாரும் பார்க்காதபோது கஸ்பாரே ஆலிவை விழுங்கினார்.

கடைசியில் கதவு பலமாகத் தட்டப்பட்டது.

அசுந்தா இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முழங்காலிட்டாள். "வாங்க என் சாமிகளே! இந்த வீடு உங்க வீடு, இந்தச் சாப்பாடு உங்க சாப்பாடு!"

கைதட்டல் எழவில்லை. அவள் தலையைத் தூக்கினாள்.

குடைக்குள் லிபோரியோ சாமியார் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சுத்தாடி ஒட்டிய கிழவர், கையில் லில்லிப்பூக் கோல். நீல முக்காடு போட்ட பெண். தலையில் அட்டைக் கிரீடத்தோடு ஒரு பொடியன்.

"மன்னிச்சுக்கம்மா அசுந்தா. மலைப்பாதையில ஏதோ வெளியூர் கார் நின்னுபோய் வழியை அடைச்சுக் கிடந்துச்சு. உள்ள குழந்தை சீட்டு இருக்கு, ஆளுங்களைக் காணோம். ஓரமா தள்ளிவிட்டுட்டு வர நேரமாயிடுச்சு."

பஞ்சுத்தாடிக் கிழவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, எடுத்த எடுப்புல உள்ள கூப்பிடுறீங்க? முதல்ல ரெண்டு தடவை விரட்டணுமே!"